தேன்காரன் வீட்டில் வந்து உட்கார்ந்தவள்

எங்கள் வெர்போவா கிராமத்தில் யாரிடமாவது ஓக்ரீமைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "தெமியான் ஐயா வந்து தங்குவாரே, அந்த வீட்டுக்காரன்தானே?" என்பார்கள். தன் சொந்த வீட்டிலேயே ஒண்டிக் குடித்தனம் இருப்பவன் மாதிரி ஒரு அறிமுகம். ஓக்ரீம் இதற்காக வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டாலும் அதை வெளியே சொல்ல நாலு வார்த்தை வேண்டும், அது அவனிடம் கிடையாது.

அவன் அப்பன் தேன்காரன், அப்பனுக்கு அப்பனும் தேன்காரன். தேனீக்கள் முன்னால் சத்தம் போடாதே, கையை ஆட்டாதே, வேகமாக நடக்காதே என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தார்கள். பையன் அதை மனிதர்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவான். ஏன் தூக்கினாய் என்று கேட்டால் இறக்கிவிடுவான். நாற்பதை நெருங்கும் வரைக்கும் அவன் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்து கேட்டவர்கள் ஊரில் அதிகம் இல்லை.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் தெமியான் ஐயா வந்து சேருவார். கியேவில் படித்தவர். லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்தவர். கவிதை எழுதுவார், தத்துவம் பேசுவார், தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு புல்லாங்குழல், கையில் ஒரு தடி. அவ்வளவுதான் சொத்து. ஒரு பிஷப் அவருக்குப் பெரிய பதவி கொடுக்கப் பார்த்தார், வேண்டாமென்று நடையைக் கட்டினார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள், ஜன்னல் வழியாக இறங்கி வந்துவிட்டார். பணக்கார விதவை ஒருத்தி தன் பண்ணையையே எழுதிவைக்கிறேன் என்றாளாம். அன்றைக்கு இவர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியதாகக் கேள்வி. கேள்வி என்ன, அவரே சொன்னதுதான்.

"எல்லாரும் என்னைப் பிடிச்சுக் கட்டிப்போடப் பார்க்கிறாங்க, ஓக்ரீம். நான்தான் யார் கையிலயும் சிக்கல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். யாரும் துரத்தி வராத வருஷத்தில் மனிதருக்குத் தூக்கமே வந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஓக்ரீமின் முற்றத்தில் பேரிமரத்தடியில் உட்கார்ந்து அவர் பேசுவார். ஊரே திரண்டு வந்து கேட்கும். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்றுதான். மனிதன் எந்த வேலைக்குப் பிறந்தானோ அந்த வேலையைச் செய்தால்தான் சந்தோஷமாக இருப்பான், மற்றதெல்லாம் வீண் உழைப்பு. கேட்பதற்குத் தேனாகத்தான் இருக்கும். அவர் போன பிறகு ஊர் படும் பாடு தனி. ஒரு வருஷம் கொல்லன் முசீ சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டான். மீன் பிடிக்கவா என்றால் இல்லையாம், மீனைப் பார்க்கத்தான் தான் பிறந்ததாம். இன்னொரு வருஷம் கோயிலில் ஜெபம் பாடுகிறவர், தான் வாத்து மேய்க்கவே பிறந்தவர் என்று கண்டுகொண்டு பாடுவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஊர் ஒருமனதாகத் தெமியான் ஐயாவுக்கு நன்றி சொன்னது.

முசீயின் மனைவி ஹாப்கா நியாயம் கேட்க வருவது ஓக்ரீமிடம்தான்.

"ஓக்ரீம் அண்ணே, உன் விருந்தாளியை நீ கட்டிப் போடுறியா, இல்ல நான் வந்து கட்டவா? எங்க வீட்டுல உலை அணைஞ்சு மூணு வாரம் ஆச்சு. என் புருஷன் கெண்டை மீனுக்குப் பேர் வச்சுக் கூப்பிட்டுட்டு இருக்கார். என்னண்ணே, வாயில என்ன தேனா? பேசேன்!"

ஓக்ரீம் உள்ளே போய் ஒரு கிண்ணம் தேன் கொண்டுவந்து கொடுப்பான். அதுதான் அவன் பதில். ஹாப்கா கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு திட்டிக்கொண்டே போவாள்.

முற்றத்தில் வந்து உட்காருகிறவர்களில் விவ்தியாவும் உண்டு. கடைசி வரிசையில், வேலியோரம். அண்ணன் வீட்டில் இருந்தாள். முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை என்று சொல்வது தப்பு, அவள் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாமென்று வாயால் சொல்வது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. தோட்டத்திலிருந்து ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட வேண்டும், அவர்களும் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். உழவு மாடு வைத்திருந்தவன், ஆலை வைத்திருந்தவன், மீசை வைத்திருந்தவன் என்று எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. அவள் அண்ணி தோட்டத்தில் பூசணி போடுவதையே நிறுத்திவிட்டாள்.

ஓக்ரீமுக்கு அவள்மேல் உயிர். ஒரு வசந்தத்தில் அவன் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் அவள் அண்ணன் வீட்டு மரத்தில் அப்பிக்கொண்டன. இவன் ஏணி வைத்து ஏறினான். வீட்டில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவள் மட்டும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டினா கொட்டிட்டுப் போகட்டும், செத்தா போயிடுவேன்?" என்றாள். கன்னத்தில் ஒன்று கொட்டவும் செய்தது. ஏணியை விடவில்லை. அன்றிலிருந்து ஓக்ரீம் அவளைத் தவிர வேறு யாரையும் நினைத்ததில்லை. ஆனால் பெண் கேட்டு ஆள் அனுப்பவும் இல்லை. மீசைக்காரனுக்கே பூசணிக்காய் என்றால் எனக்கு என்ன கொடுப்பாள் என்று யோசித்தே வருஷங்களை ஓட்டிவிட்டான். அவள் முற்றத்துக்கு வருவது தெமியான் ஐயாவின் பேச்சைக் கேட்க என்று ஊர் நினைத்தது. ஓக்ரீமும் அப்படித்தான் நினைத்தான்.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துக் குளிர்கால நோன்புக்கு முந்தைய நாட்களில் நடந்தது. நோன்பு தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதனால் கடைசி வாரத்தில் ஊர் முழுக்க மேளமும் வண்டிச் சத்தமுமாக இருக்கும். ஓக்ரீம் தேனீக் கூடுகளையெல்லாம் நிலவறைக்குள் இறக்கி அடுக்கி முடித்திருந்தான். குளிர் முடியும் வரை தேனீக்கள் அங்கேதான் தூங்க வேண்டும். தெமியான் ஐயா மேசையில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, மனிதனுக்கு முள்ளங்கியைவிட அதிகமாக எதுவும் தேவையில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். நடுப்பகல். கதவு திறந்தது.

விவ்தியா உள்ளே வந்தாள். புதுப் பாவாடை, கழுத்தில் பவழம். சாமிப் படங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "இந்த வீட்டுக்குக் கடவுள் துணை இருக்கட்டும்" என்று சொல்லி, துணியில் சுற்றி வந்த ரொட்டியை மேசைமேல் வைத்தாள். பிறகு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பெண் தானாகவே மாப்பிள்ளை கேட்டு வரும் பழைய வழக்கம் இது. அரிதாகிவிட்டதே தவிர, யாரும் இதை ரத்து செய்யவில்லை. வந்து ரொட்டியை வைத்துவிட்டு உட்காருவாள். யார் வேண்டும் என்று பெயர் சொல்ல மாட்டாள், அது வெட்கக்கேடு. ரொட்டி வெட்டப்படும் வரை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். ஆண் ரொட்டியை வெட்டித் தின்றால் சம்மதம். அவளை வெளியே போகச் சொல்ல மட்டும் கூடாது. சொன்னால் அந்த வீடு விளங்காது. ஆலங்கட்டி மழை விழும், மாடு மலடாகும், தேனீ செத்துப்போகும்.

தெமியான் ஐயா ரொட்டியைப் பார்த்தார். கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி கத்தியைக் கீழே போட்டார். "வானம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தார். வானம் மேலே இருக்க, மனிதர் நேராக நிலவறைக்குள் இறங்கிவிட்டார்.

ஓக்ரீம் கதவைச் சாத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேருக்குப் பூசணிக்காய் கொடுத்தவள் தெமியான் ஐயாவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். லத்தீன் தெரிந்தவர், கவிதை எழுதுகிறவர், பிஷப்பே தேடி அலைந்தவர். அவளுக்குக் குடிக்கத் தேன்மது ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே போனான்.

கூடுகளுக்கு நடுவே தெமியான் ஐயா குந்தியிருந்தார்.

"அவ எதுக்கு வந்திருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"உஷ். மெதுவா, ஐயா. சத்தம் கேட்டா முழிச்சுக்கும். குளிர்ல முழிச்சா செத்துரும்."

"விதவை கதை சொன்னேனே, அவளும் இப்படித்தான் ஆரம்பிச்சா" என்று அவர் கிசுகிசுத்தார். "முதல்ல ரொட்டி. அப்புறம் தலையணை. அப்புறம் கோழி வாங்கலாமான்னு கேட்பா. முடிஞ்சது கதை!"

"நல்ல பொண்ணு, ஐயா." ஓக்ரீம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லவளா இருந்தா எனக்கு என்னப்பா? நான் பறவை. பறவை கூட்டுல உக்காருமா?"

ஓக்ரீம் சுற்றிலும் இருந்த கூடுகளைப் பார்த்தான். "பறவைக்குக் கஞ்சி வேணுமா?"

"கொண்டா. கொழுப்பு கொஞ்சம் தாராளமாப் போடு."

இப்படியாக ஓக்ரீம் வீட்டில் மேலே ஒருத்தி, கீழே ஒருவர். மேலே இருந்தவள் பேசக் கூடாது, வழக்கம். கீழே இருந்தவர் பேசக் கூடாது, தேனீ. வாழ்நாளெல்லாம் வாயை மூடியிராத மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்தப் பிஷப்பாலும் கொடுத்திருக்க முடியாது. ஓக்ரீம் இரண்டு கிண்ணத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். இருட்டியதும், அவள் பேர் கெடக் கூடாதென்று வைக்கோல் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

விவ்தியா சும்மா இருக்கவில்லை. அடுப்புக்குச் சுண்ணாம்பு பூசினாள், அவன் சட்டைக் கிழிசலைத் தைத்தாள். ஓக்ரீம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு தடவை அவனைப் பார்ப்பாள், ஒரு தடவை ரொட்டியைப் பார்ப்பாள். அவன் பதறிப்போய் ரொட்டிக்கு எலி வரக்கூடாது என்று மேலே துணியைப் போர்த்துவான். இது விருந்தாளிக்கு வந்த ரொட்டி, பத்திரமாக இருக்க வேண்டும். மறுபடி வருவான், காற்றுப் படாமல் இருக்க இன்னொரு துணி. அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"கீழே யாருக்குக் கஞ்சி கொண்டுபோறே?" என்று கேட்டாள். கஞ்சியைப் பற்றிப் பேசக் கூடாது என்று வழக்கம் எதுவும் இல்லை.

"எலி."

"எலிக்குக் கிண்ணத்துலயா?"

"பெரிய எலி."

"கிரேக்கம் படிச்ச எலியா?"

அவள் அவரைத்தான் கேட்கிறாள், மனசெல்லாம் கீழேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓக்ரீம் நகர்ந்துவிட்டான்.

ஊரில் அந்த நாட்களில் நெருப்பு வாங்க, சல்லடை வாங்க, உப்பு வாங்க எல்லாரும் ஓக்ரீம் வீட்டுக்கே வந்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்து சல்லடை கேட்டால் அவன் எங்கே போவான். இரண்டாம் நாள் ஊர்த்தலைவர் கலெனிக் வந்து, ஓக்ரீமை முற்றத்துக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"இங்க பாரு தம்பி. வழக்கம் என்ன சொல்லுது? ரொட்டி யார் வீட்டு மேசையில இருக்கோ, அவனுக்குத்தான். மேசை உன்னுது. கத்தி உன்னுது. போய் வெட்டு. எதுக்கு மசமசன்னு நிக்கிறே?"

"அது… அவருக்கு வந்தது, தலைவரே."

"யாருக்கு வந்தா என்ன? உன் மரத்துல வேற எவன் தேனீயோ வந்து உக்காந்தா நீ திருப்பியா கொடுப்பே?"

ஓக்ரீம் யோசித்தான். உண்மையில் அவன் அப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறான். தலைவருடையதே ஒரு தடவை. ஆனாலும் அன்று பகல் முழுக்க அந்தப் பேச்சு அவனைப் பிடுங்கித் தின்றது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ரொட்டி, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவள். வெட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது, அவளும் வாயைத் திறக்க முடியாது. கத்தியைக் கையில் எடுத்தான்கூட. விவ்தியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊசியைக் கீழே வைத்தாள். ஓக்ரீம் கத்தியைத் துடைத்து, உறையில் போட்டு, மாட்டிவிட்டு வெளியே போனான். அவன் பின்னால் ஒரு செம்பு சுவரில் மோதி விழுந்த சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் வந்தது. அடுத்த நாள் நோன்பு. அதற்குள் ரொட்டி வெட்டப்படாவிட்டால் அவள் எழுந்து அண்ணி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஊர் வாழ்நாள் பூராவும் சிரிக்கும். தனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று ஓக்ரீம் முடிவு செய்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலவறைக்குப் போனான். ஒன்றும் பேசாமல் தெமியான் ஐயாவின் கையைப் பிடித்தான். தேனெடுக்கிற கை, பிடித்தால் விடாது. அவர் தேனீக்குப் பயந்து சத்தம் போடவும் முடியாமல் படியேறி வந்தார். தலையில் ஒட்டடை, தாடியில் கஞ்சி. ஜன்னலில் ஊரே முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது.

வெளிச்சத்துக்கு வந்ததும் மூன்று நாள் அடைத்து வைத்த பேச்சு உடைத்துக்கொண்டு வந்தது. அவர் விவ்தியா முன்னால் நின்று தடியை ஊன்றிக்கொண்டார்.

"அம்மா, உன் மனசு எனக்குப் புரியுது. உன் கண்ணீரும் புரியுது" என்று தொடங்கினார். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "ஆனா நான் உன்னுடையவன் இல்ல, யாருடையவனும் இல்ல. காத்தைக் கையில பிடிக்க முடியுமா? மேகத்துக்கு வேலி கட்ட முடியுமா? பிஷப் கூப்பிட்டார், போகல. பெரிய மனுஷங்க கூப்பிட்டாங்க, போகல. உன்னையும் நான் வெறுக்கல. ஆனா என் பாதை தனிப்பாதை. என்னை மறந்துடு. கஷ்டமாத்தான் இருக்கும். மெதுவா மறந்துடு."

பேச்சு நிஜமாகவே அழகாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹாப்கா மூக்கைச் சிந்தினாள். ஓக்ரீமும் அழுதான். விவ்தியா கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க, ஐயா" என்றாள். "ஆனா உங்களை யாரு கேட்டா?"

விவ்தியா பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"வழக்கத்தை மீறிப் பேசுறேன், கடவுள் மன்னிக்கட்டும். இன்னும் பேசாம இருந்தா இந்த ரொட்டியைக் கொண்டுபோய் வீடுதான் கட்டணும்." மேசையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்துவிட்டு ரொட்டியை ஓக்ரீம் பக்கம் தள்ளினாள். "மூணு நாளா உன் முன்னால வச்சிருக்கேன், மரமண்டை. இது யார் வீட்டு மேசை? வெட்டு!"

ஓக்ரீம் கத்தியை எடுத்தான். ரொட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. கத்தி வளைந்தது. அவன் வெளியே ஓடி விறகு வெட்டும் கோடாலியை எடுத்து வந்தான். ஒரே போடு. மேசையும் விரிசல் விட்டது. ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்து, ஒரு பல்லையும் இழந்து, சம்மதம் சொன்னான். பொழுது சாய்வதற்குள் கல்யாணம் முடிந்தது. தெமியான் ஐயா இரண்டு பேரையும் ஆசீர்வாதம் பண்ணினார். முகம் சிவப்பு முள்ளங்கித் தோல் மாதிரி இருந்தது. விருந்துக்கு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஓக்ரீம் பாக்கியவான். கல்யாண விருந்திலேயே ஹாப்கா நாலு கோப்பை உள்ளே போனதும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "விவ்தியா சாமர்த்தியக்காரிடி. அவர் வேண்டாம்னு சொன்னாரோ இல்லையோ, சட்டுன்னு ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளிட்டா பாரு. மானம் தப்பிச்சுது." ஓக்ரீம் அதைக் கேட்டுவிட்டான்.

கேட்டது கேட்டதுதான். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். விவ்தியா அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். தேனீக்கள் முன்னால் நின்று சத்தம் போட்டுத் திட்டினாள், அவையும் அவளைக் கொட்டுவதை விட்டுவிட்டன. நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அவள் ஏதாவது யோசனையாக ஜன்னலைப் பார்த்தால் ஓக்ரீமுக்கு அந்தப் பேச்சு காதில் கேட்கும். நிஜமாகவே எனக்காகத்தான் வந்தாளா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பான். "என்ன, பசிக்குதா?" என்பாள். ஆமாம் என்று சொல்லிச் சாப்பிடுவான். இந்த ஒரு சந்தேகத்தால் மனிதன் நல்ல சதை போட்டான்.

பிறகு பாட்டு வந்தது. சந்தையில் ஒரு குருட்டுப் பாடகர், கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் நரம்பு வாத்தியத்தோடு பாடினார். தெமியான் ஐயா கட்டிய பாட்டாம். ஒரு தேன்காரன் வீட்டில் ஒரு பெண் ரொட்டியைக் கண்ணியாக வைத்துப் பறவைக்குக் காத்திருந்தாள், பறவை அறுத்துக்கொண்டு பறந்தது, அவள் வாடிப்போனாள் என்று போனது பாட்டு. கூட்டம் உருகியது. வாடிப்போன பெண் அந்த நேரம் பக்கத்துக் கடையில் இடுப்பில் கை வைத்துப் பானைக்காரனைப் பாதி விலைக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, "நல்லாத்தான் பாடுறார்" என்று பாடகருக்கு ஒரு பணியாரம் கொடுத்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓக்ரீமுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவே முதல் தடவை.

தெமியான் ஐயா ஏதோ ஒரு நண்பர் வீட்டில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. விவ்தியா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஓக்ரீமும் ஏற்றினான், அழவும் செய்தான். என்ன இருந்தாலும் அவர் அவனுடைய விருந்தாளி. இறந்த பிறகுதான் அவர் பெரிய ஆளானார். ஊரில் எல்லாருக்கும் அவர் சொந்தமாகிவிட்டார். ஹாப்காகூட, மகானால் தன் புருஷனுக்கு ஞானம் வந்த இடம் என்று, முசீ மீன் பார்த்து உட்கார்ந்திருந்த ஆற்றங்கரைக் கல்லைக் காட்ட ஆரம்பித்தாள்.

கார்கிவ் நகரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். தெமியான் ஐயாவின் வாழ்க்கையை எழுதுகிறாராம். ஓக்ரீம் வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்து, பெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். நரைத்த தலையோடு அடுப்பங்கரையில் நின்ற விவ்தியாவை ஒரு துக்கப் பார்வை பார்த்தார்.

"அம்மா, பாட்டுல வர்ற பெண் நீங்கதான்னு சொன்னாங்க. பழசைக் கிளறுறேன்னு நினைக்காதீங்க. அவர் போன பிறகு… உங்க மனசு எப்படித் தாங்கிச்சு?"

ஓக்ரீம் எழுந்துவிட்டான். இத்தனை வருஷமாக வயிற்றுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"சொல்லு விவ்தியா! இவர் முன்னாலயே சொல்லு. யாருக்காக வந்தே? ஹாப்கா சொன்னா, அவர் வேண்டாம்னதும்தான் நீ ரொட்டியை என் பக்கம் தள்ளினேன்னு. நிஜமா?"

விவ்தியாவின் கையில் கரண்டி நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை இத்தனை வருஷமா உள்ளே வச்சுக்கிட்டா என் கையால தின்னுட்டு இருந்தே?"

"சொல்லு."

"ஏய்யா, அவர்தான் வேணும்னா நான் எதுக்கு வீட்டுக்குள்ள வந்து உக்காரணும்? அவருக்கு வீடா, வாசலா? ரோட்டுலயே கிடந்த மனுஷன். ரொட்டியை எடுத்துட்டுப் பாலத்து மேல நின்னிருந்தா தானா வந்து மாட்டியிருப்பாரே! வீடு தேடி வந்து உக்காந்தவ, வீட்டை விட்டு நகராதவனைத்தான் தேடி வந்திருக்கான்னு ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

ஓக்ரீம் விடவில்லை. "அப்போ அவர் இருக்கும்போது எதுக்கு வந்தே? போன பிறகு வந்திருக்கலாமே?"

"போன பிறகா? என்னைக் கண்டதும் நீ ஜன்னல் வழியா குதிச்சு ஓடியிருப்பே. விருந்தாளியை வீட்டுல வச்சுட்டு நீ ஓட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதுக்காகவே அவர் வரட்டும்னு மூணு மாசம் காத்திருந்தேன். அந்த மனுஷனை நான் ஒரு பூட்டாத்தான்யா வச்சிருந்தேன்!"

ஓக்ரீம் பெஞ்சில் உட்கார்ந்தான். முதலில் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று வாத்தியாருக்குப் புரியவில்லை. இரண்டும்தான். விவ்தியா கரண்டியால் அவன் தலையில் ஒன்று வைத்தாள். பிறகு அந்த இடத்தையே தடவிக் கொடுத்தாள்.

வாத்தியார் தர்மசங்கடமாகக் கனைத்துக்கொண்டார். "அப்படின்னா அந்தப் பாட்டு தப்பு. நடந்ததை நான் எழுதிடறேன், ஐயா. பாட்டைத் திருத்திடலாம். இவ்வளவு காலமா நீங்களும் அதைத்தானே எதிர்பார்த்திருப்பீங்க?"

எதிர்பார்த்ததுதான். சந்தையில் அந்தப் பாட்டைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் எதிர்பார்த்தான். ஓக்ரீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"வேண்டாம், ஐயா. அதை அப்படியே விட்டுடுங்க" என்றான். "பாவம், அவருக்குப் பாட்டுதானே இருக்கு. எனக்குத்தான் ஆளே இருக்காளே."